பள்ளியை விட்டு வெளியே நடந்த பிள்ளைகள்: மிசிசிப்பி விடுதலைப் பள்ளிகள் பிறந்த கதை

அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பதின்ம வயதினருக்கென்று இன்று ஏராளமான தலைமைப் பயிற்சித் திட்டங்கள் நடக்கின்றன. கோடை முகாம், மேடைப் பேச்சு வகுப்பு, கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவி, கூடவே இருந்து வழிகாட்ட ஒரு மூத்தவர் என்று பல வடிவங்கள். இவற்றின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாகப் பெரியவர்களிடமிருந்து தொடங்குவார்கள். யாரோ ஒருவர் குறையைக் கண்டார், நிதி திரட்டினார், திட்டம் பிறந்தது என்று கதை போகும். ஆனால் இந்த வகைத் திட்டங்களில் ஆழமாக வேரோடிய ஒரு மரபு அப்படித் தொடங்கவில்லை. 1964 கோடையில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடந்த விடுதலைப் பள்ளிகளைச் சொல்கிறேன். அங்கே முதலில் இறங்கியவர்கள் பிள்ளைகள். பெரியவர்கள் அவர்களுக்காகப் பள்ளி திறந்தது அதற்கு அப்புறம்தான். யார் முந்தி, யார் பிந்தி என்ற இந்த வரிசையைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பள்ளிகளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

கதை 1961-ல், மெக்கோம் என்ற ஊரில் தொடங்குகிறது. மிசிசிப்பியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ரயில்வே ஊர் அது. அந்தக் கோடையில் பாப் மோசஸ் என்ற 26 வயது இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். நியூயார்க்கில் கணித ஆசிரியராக இருந்தவர். வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழு, சுருக்கமாக ஸ்நிக், என்ற அமைப்பின் சார்பில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய வைப்பது அவருடைய வேலை. சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலை அங்கே உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது. பதிவு செய்யப் போகிறவர் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை எழுதி விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியா என்று முடிவு செய்கிறவர் வெள்ளையரான பதிவாளர். 1964 வந்தபோதும் வாக்களிக்கும் வயதில் இருந்த கறுப்பினத்தவரில் 6.7 சதவீதம் பேர்தான் அந்த மாநில வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள்.

வாக்களிக்கும் வயது அப்போது 21. பள்ளி மாணவர்களுக்கு இதில் நேரடியாகக் கிடைப்பது எதுவும் இல்லை. ஆனாலும் வீடு வீடாகப் போய்ப் பேச மோசஸுடன் கிளம்பியவர்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பிரெண்டா டிராவிஸ் என்ற மாணவி, ஆகஸ்ட் இறுதியில் நண்பர்கள் இருவருடன் ஊர்ப் பேருந்து நிலையத்தில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த பகுதிக்குள் போனார். ஏறக்குறைய ஒரு மாதம் சிறை. அதற்குள் பக்கத்து மாவட்டத்தில் வாக்காளர் பதிவுக்கு உதவிய விவசாயி ஹெர்பர்ட் லீயை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றிருந்தார். வழக்கு எதுவும் நடக்கவில்லை, தற்காப்பு என்று முடித்துவிட்டார்கள்.

சிறையிலிருந்து வந்த பிரெண்டாவைப் பள்ளி திரும்பச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அக்டோபர் 4-ம் தேதி பர்க்லண்ட் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளியே நடந்தார்கள். நகர்மன்றம் வரை ஊர்வலமாகப் போனார்கள். கைதுகள் நடந்தன. இனி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் திரும்ப வரலாம் என்றது பள்ளி நிர்வாகம். பலர் கையெழுத்துப் போடவில்லை.

சரி, இப்போது இத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை. அவர்கள் தெருவுக்கு வந்ததில் ஸ்நிக்குக்கும் பங்கு உண்டு. அதனால் அங்கிருந்த ஸ்நிக் இளைஞர்களே ஒரு தற்காலிகப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அகிம்சை உயர்நிலைப் பள்ளி. மோசஸ் கணிதம், சார்லஸ் மெக்டியூ வரலாறு, டியான் டைமண்ட் அறிவியல். சில வாரங்கள்தான் ஓடியது. ஊர்வலத்தில் கைதான வழக்கில் ஆசிரியர்களே சிறைக்குப் போக நேர்ந்தது. ஜாக்சன் நகரில் இருந்த கேம்பல் கல்லூரி அந்த மாணவர்களில் பலரைச் சேர்த்துக்கொண்டது. பிரெண்டாவைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

இந்தச் சில வாரப் பள்ளியைப் பலர் அடிக்குறிப்பு போலக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மையம். தலைமைப் பயிற்சி எதுவும் பெறாத பிள்ளைகள், கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டு, அதன் விலையையும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குக் கற்பிக்க வந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். துணிச்சலும் பொறுப்பும் அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்கு இடம் கொடுக்கும் பள்ளிதான் இல்லை.

இந்தப் பார்வை ஸ்நிக்குக்குள் வந்ததில் எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண்மணிக்குப் பெரிய பங்கு உண்டு. 1960 பிப்ரவரி முதல் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கடை மேசையில் உட்கார்ந்து எழ மறுத்ததிலிருந்து தென் மாநிலங்களெங்கும் அப்படிப்பட்ட போராட்டம் பரவியது. அந்த மாணவர்களை ஏப்ரலில் ராலே நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் ஒன்றுகூட்டியவர் பேக்கர். அப்போது அவருக்கு 56 வயது, கறுப்பின மக்களின் உரிமை இயக்கப் பணியில் பல பத்தாண்டு அனுபவம். ஏற்கெனவே இருந்த பெரிய அமைப்புகள் மாணவர்களைத் தங்கள் கிளையாக்கிக்கொள்ளப் பார்த்தபோது, இவர்கள் தங்களுக்கென்று தனி அமைப்பு வைத்துக்கொள்ளட்டும், முடிவுகளை அவர்களே எடுக்கட்டும் என்று அவர் வாதாடினார். ஒரே ஒரு பெரிய தலைவரை நம்பி நிற்கும் இயக்கத்தின் மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆங்காங்கே இருக்கும் சாதாரண மக்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே பேசித் தீர்க்கக் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த ராலே கூட்டத்தில் ஸ்நிக் பிறந்தது.

இன்னொரு ஓடையும் உண்டு. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் தொடங்கிய குடியுரிமைப் பள்ளிகள். டென்னசியில் இயக்கத்தினருக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளியும் ஆசிரியை செப்டிமா கிளார்க்கும் தீவுக்காரரான ஈசா ஜென்கின்ஸும் சேர்ந்து தொடங்கியது. முதல் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், அழகு நிலையம் நடத்தியவர். படிக்க வந்த பெரியவர்களிடம் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டு, அதிலிருந்தே பாடத்தை அமைத்தார். தங்கள் பெயரை எழுத வேண்டும், அஞ்சல் ஆர்டர் படிவம் நிரப்ப வேண்டும், வாக்காளர் தேர்வில் தேற வேண்டும் என்ற தேவைகளே பாடத்திட்டம் ஆயின.

1963 டிசம்பரில் இந்த ஓடைகள் ஒரு தாளில் வந்து கலந்தன. சார்லி காப் என்ற ஸ்நிக் ஊழியர், ஹோவர்ட் பல்கலைக்கழகப் படிப்பை விட்டுவிட்டு மிசிசிப்பி வந்தவர், அடுத்த கோடைக்கு ஒரு பள்ளித் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அப்போது அவருக்கு 20 வயதுதான். அடுத்த கோடையில் நூற்றுக்கணக்கான வெளி மாநிலக் கல்லூரி மாணவர்கள் வரப்போகிறார்கள் என்பது பேச்சில் இருந்தது. அவர்களை வாக்காளர் பதிவோடு நிறுத்தாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் வைக்கலாம் என்றார் காப்.

அவர் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். மாநிலம் கறுப்பின மாணவருக்குச் செலவழித்ததைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கை வெள்ளை மாணவருக்குச் செலவழித்தது. மாநிலத்தின் வடமேற்கில் இருக்கும் பருத்தி வட்டாரமான டெல்டா பகுதியில் இலையுதிர் காலத்தில் பருத்தி பறிக்க ஆள் வேண்டும் என்பதற்காகக் கறுப்பினப் பள்ளிகளை மூடிவிட்டு, அதற்கு ஈடாகக் கடும் வெயிலில் கோடைக்காலத்தில் வகுப்பு நடத்தினார்கள். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த குறைகள். காப் அவற்றுக்கு அப்பால் போனார். இந்தப் பள்ளிகளில் கேள்வி கேட்பதே குற்றமாக இருக்கிறது, சொந்தமாகச் சிந்திக்கும் பழக்கத்தையே அவை நசுக்குகின்றன என்பது அவருடைய முக்கியக் குற்றச்சாட்டு. அதனால் விடுதலைப் பள்ளியின் வேலை விட்டுப்போன பாடங்களை நிரப்புவதோடு முடியாது. பிள்ளைகள் தங்கள் ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கவும், அதை மாற்றத் தங்களால் என்ன செய்ய முடியும் என்று திட்டமிடவும் அங்கே இடம் வேண்டும்.

1964 மார்ச்சில் நியூயார்க்கில் ஆசிரியர்களும் இயக்கத்தினரும் கூடிப் பாடத்திட்டம் தயாரித்தார்கள். அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் வரலாறு கற்பித்த ஸ்டாட்டன் லின்ட் திட்ட இயக்குநரானார். அவர்கள் உருவாக்கிய குடிமைப் பாடத்தின் முதுகெலும்பு சில கேள்விகள். நாம், ஆசிரியரும் மாணவரும், இந்தப் பள்ளியில் ஏன் இருக்கிறோம்? விடுதலை இயக்கம் என்றால் என்ன? அது நமக்கு என்ன மாற்று வழிகளைத் தருகிறது? இவற்றோடு இன்னும் மூன்று: பெரும்பான்மைப் பண்பாட்டில் நமக்கு வேண்டியது எது? அதில் நமக்கு வேண்டாதது எது? நம்மிடம் இருப்பவற்றில் எதை நாம் விடாமல் வைத்துக்கொள்ள விரும்புகிறோம்?

அந்தக் கடைசிக் கேள்வி என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கான திட்டம் என்றாலே அவர்களிடம் என்ன இல்லை என்று பட்டியல் போடுவதுதான் வழக்கம். உங்களிடம் காப்பாற்றத் தகுந்தது எது என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்பதற்கு அந்தப் பிள்ளை மீது முழு மரியாதை வேண்டும். பதில் ஆசிரியரிடம் தயாராக இல்லை, இருக்கவும் முடியாது.

ஜூன் மாதம் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி நடந்தது. சொந்தச் செலவில் வர வேண்டும், கைதானால் பிணைத்தொகைக்கு 500 டாலர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே, ஜூன் 21-ம் தேதி, மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டத்தில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற இயக்க ஊழியர்கள் மூவரும் காணாமல் போனார்கள். பயிற்சியில் இருந்த ஆசிரியத் தன்னார்வலர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் பேருந்து ஏறினார்கள்.

ஆயிரம் மாணவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். மாநிலம் முழுக்கச் சுமார் 40 பள்ளிகள் தேவாலய அடித்தளங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் மரத்தடியிலும் நடந்தன. ஹாட்டிஸ்பர்க்கில் மட்டும் 500 பேருக்கு மேல் சேர்ந்தார்கள், அவர்களில் முதியவர்களும் உண்டு. மெக்கோமில் இயக்க வீட்டில் குண்டு வெடித்த பிறகும் வகுப்பு நின்றுவிடவில்லை. டெல்டாவில் பகலில் பருத்தி அட்டவணைப்படி அரசுப் பள்ளி நடந்ததால் விடுதலைப் பள்ளி மாலையில் கூடியது. கறுப்பின வரலாறும் குடிமைப் பாடமும் முக்கிய வகுப்புகள். பிள்ளைகள் கேட்டதால் தட்டச்சு, பிரெஞ்சு, நாடகம் ஆகியவையும் வந்தன. தட்டச்சுக்குப் பெரும் வரவேற்பு. அதைக் கற்ற கையோடு பல பள்ளிகளில் மாணவர்கள் செய்தித்தாள் தயாரித்தார்கள். தங்கள் பெயரைப் போட்டே எழுதினார்கள். பெற்றோர் தோட்ட முதலாளியிடம் வேலை பார்க்கும் ஊரில் அது சின்ன விஷயமா?

கோடையின் உச்சம் மெரிடியனில் நடந்த மாணவர் மாநாடு. ஆகஸ்ட் 4-ம் தேதி காணாமல் போன மூவரின் உடல்களும் ஒரு மண் அணையின் கீழ் கிடைத்தன. சேனி மெரிடியன்காரர். 7-ம் தேதி அவருடைய இறுதிச் சடங்கு நடந்தது. அதே ஊரில், அதே வாரக் கடைசியில் மாநிலமெங்கும் உள்ள விடுதலைப் பள்ளிகளின் பிரதிநிதிகளாக மாணவர்கள் கூடினார்கள். ஒவ்வொரு பள்ளியும் முன்கூட்டியே விவாதித்து அனுப்பிய தீர்மானங்களைக் குழுக்களாகப் பிரிந்து அலசினார்கள். வீட்டு வசதி, கல்வி, மருத்துவம், வேலைவாய்ப்பில் பாகுபாடு, தோட்ட முறை, காவல்துறை, வாக்குரிமை, வெளியுறவுக் கொள்கை வரை ஒரு முழு அரசியல் அறிக்கையை நிறைவேற்றினார்கள். பெரியவர்கள் ஆலோசனை சொன்னார்கள், வாக்கு மாணவர்களுடையது. இன்றைய மாதிரி ஐ.நா. மன்றப் போட்டிகளோடு இதை ஒப்பிட எனக்கு மனம் வருவதில்லை. அங்கே மாணவர்களுக்கு ஏதோ ஒரு நாட்டின் பெயரை ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். மெரிடியனில் பேசியவர்கள் தங்கள் வீட்டைப் பற்றியும் தங்கள் ஊர் மருத்துவமனையைப் பற்றியும் பேசினார்கள்.

பேச்சோடும் நிற்கவில்லை. ஆகஸ்ட் 14-ம் தேதி ஹாட்டிஸ்பர்க் விடுதலைப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள், நூலகத்தையே மூடினார்கள். அங்கிருந்து அவர்கள் தங்கள் ஆசிரியை சாண்ட்ரா ஆடிக்ஸுடன் கிரெஸ் கடையின் உணவு மேசைக்குப் போனார்கள். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. கறுப்பின மாணவர்களுக்கு உணவு தரத் தயார், அவர்களோடு வந்த வெள்ளை ஆசிரியைக்குத் தர மாட்டோம் என்று பதில் வந்தது. வெளியே வந்ததும் ஆடிக்ஸைக் கைது செய்தார்கள். கடை மீது அவர் தொடுத்த வழக்கு 1970-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், அமெரிக்க நடைமுறைச் சட்டம் படிப்பவர்கள் தவறாமல் சந்திக்கும் வழக்காகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. கோடை முடிந்து பள்ளி திறந்ததும் நெஷோபா மாவட்டத்தின் பிலடெல்பியா ஊரில், புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் சிலர், ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற வாசகமும் ஸ்நிக் பெயரும் இருந்த பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்கள். மூவர் கொலையுண்ட அதே மாவட்டம். தலைமை ஆசிரியர் தடை விதித்தார். மறுபடி அணிந்து வந்தவர்களை இடைநீக்கம் செய்தார். தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். 1966-ல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், பள்ளி நடப்பதற்குப் பெரிய இடையூறு செய்யாதவரை மாணவரின் கருத்து வெளிப்பாட்டைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த அயோவா மாணவர்களின் டின்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலையே எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் இன்று அனுபவிக்கும் பேச்சுரிமையின் ஒரு வேர் மிசிசிப்பிப் பிள்ளைகளின் சட்டையில் இருந்த அந்தப் பேட்ஜில் இருக்கிறது.

விடுதலைப் பள்ளிகள் நீடிக்கவில்லை. தன்னார்வலர்கள் பலர் திரும்பிப் போனார்கள், பணம் வற்றியது, இயக்கத்துக்குள்ளும் களைப்பும் பிளவும் வந்தன. ஆனால் அந்தக் கோடையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதை மீண்டும் எடுத்தார். மேரியன் ரைட் எடல்மன் அப்போது ஜாக்சனில் இளம் வழக்கறிஞர். மிசிசிப்பி வழக்கறிஞர் மன்றத்தில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண். 1973-ல் அவர் தொடங்கிய குழந்தைகள் பாதுகாப்பு நிதியம் 1995-ல் புதிய விடுதலைப் பள்ளிகளைத் தொடங்கியது. முதல் மையங்களில் ஒன்று அவர் பிறந்த ஊரான தென் கரோலினாவின் பென்னட்ஸ்வில், இன்னொன்று மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டி. கோடையில் ஆறு வாரம் நடக்கும் திட்டம் அது. கல்லூரி வயது இளைஞர்கள் டென்னசியில் பயிற்சி பெற்று வந்து சிறுவர்களுக்குப் புத்தகம் வாசிக்கக் கற்பிக்கிறார்கள். காலையில் பாட்டும் கோஷமுமாகக் கூடுகிறார்கள். கோடையில் ஒரு நாளைச் சமூகச் செயல்பாட்டுக்கென்று ஒதுக்குகிறார்கள்.

இந்தத் திட்டம் பெருமதிப்புக்குரியது. விடுமுறையில் வாசிப்பு பின்தங்கிப் போகும் பிள்ளைகளுக்கு அது செய்யும் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. 1964-ல் செயல்பாடுதான் பள்ளியின் காரணம், வாசிப்பு அதற்குத் துணை. 1995-க்குப் பிறகு வாசிப்பு மையம், செயல்பாடு ஒரு நாள். காரணம் புரிகிறது. நிதி கொடுப்பவர்கள் மதிப்பெண் உயர்வைக் கேட்கிறார்கள், பிள்ளைகளின் வயதும் குறைவு. இன்று நடக்கும் பெரும்பாலான தலைமைப் பயிற்சிகளிலும் இதே நகர்வுதான். பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள், எதைப் பற்றிப் பேசுவது, யாரிடம் போய்ப் பேசுவது என்பதைத் தொடுவதில்லை.

பழைய வரிசையை விடாமல் பிடித்திருக்கும் முயற்சி ஒன்று எனக்குத் தெரிந்து பாப் மோசஸிடமிருந்தே வந்தது. 1982-ல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில், தன் மகளின் வகுப்பில் அவர் இயற்கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். மக்ஆர்தர் அறக்கட்டளை கொடுத்த நல்கை அதற்குக் கைகொடுத்தது. அல்ஜீப்ரா ப்ராஜெக்ட் என்று அது வளர்ந்தது. 1960-களில் வாக்குச்சீட்டு எப்படியோ, தொழில்நுட்பக் காலத்தில் கணிதம் அப்படி, அது இல்லாதவர்கள் பொருளாதாரத்துக்கு வெளியே நிறுத்தப்படுவார்கள் என்பது அவர் வாதம். திட்டம் மிசிசிப்பிக்கும் போனது. 1996-ல் ஜாக்சன் நகரில், அங்கே கணிதம் படித்து வளர்ந்த மாணவர்களும் மோசஸின் பிள்ளைகளும் சேர்ந்து யங் பீப்பிள்ஸ் ப்ராஜெக்ட் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். மோசஸ் 2021-ல் இறந்துவிட்டார், அமைப்பு பல நகரங்களில் நடக்கிறது.

அதன் ஏற்பாடு இதுதான். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, தங்கள் சுற்றுவட்டாரத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணித விளையாட்டுகள் வழியாகக் கற்பிக்கிறார்கள். அவர்களைக் கல்லூரி மாணவர்கள் பயிற்றுவிக்கிறார்கள். கணிதத்தில் முதலிடம் பிடித்தவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. வேலைக்குச் சம்பளமும் உண்டு. அது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் குடும்பத்துக்குச் சம்பாதித்துத் தர வேண்டிய பதினாறு வயதுப் பிள்ளை மாலை நேரத்தை இலவசமாகக் கொடுக்க முடியாது. சம்பளம் இல்லாத தலைமைப் பயிற்சியில் அந்தப் பிள்ளையின் நாற்காலி முதல் வாரத்திலேயே காலியாகிவிடும்.